தானாக முளைத்த கீரை

போன வருஷம் வெந்தயம் விதைத்த தொட்டியில் வெந்தயம் வரவில்லை. விதை பழசாக இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிவந்த தண்டோடு ஏதோ ஒன்று மண்ணை ஒட்டிப் படர்ந்து வந்தது. களை என்று நினைத்துப் பிடுங்கி மொட்டைமாடிச் சுவர்மேல் வீசிவிட்டேன். நாலைந்து நாள் கழித்து அம்மா வந்திருந்தபோது அந்தச் செடி அதே சுவரில் கிடந்தது. வெயிலில் காய்ந்து சருகாகியிருக்க வேண்டும், ஆனால் இலைகள் கொழுகொழுவென்று அப்படியே இருந்தன. நுனியில் ஒரு மஞ்சள் பூ வேறு.

"இதை ஏன்டி பிடுங்கிப் போட்ட? கோழிக்கீரை இது. எடுத்து அந்த மண்ணுமேலயே வை, போதும். வந்துடும்."

வேரைப் புதைக்கக்கூட இல்லை. மண்மேல் வைத்துத் தண்ணீர் தெளித்தேன். ஒரு வாரத்தில் கிளைகள் நிமிர்ந்துகொண்டன. அன்றிலிருந்து அந்தத் தொட்டியில் வேறு எதையும் நான் விதைக்கவில்லை.

கோழிக்கீரை என்றும் பருப்புக்கீரை என்றும் இதற்குப் பெயர். சிலர் பசலை என்றும் சொல்வார்கள். அதில் ஒரு குழப்பம் உண்டு, ஏனென்றால் கொடியில் படரும் கொடிப்பசலையும் அதே பெயரில்தான் வழங்குகிறது. அது வேறு குடும்பம். நம் கோழிக்கீரைக்கு நெருங்கிய சொந்தம், தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கிறோமே, பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ், அதுதான். தாவரவியல் பெயர் போர்ட்டுலாக்கா ஒலரேசியா. ஒலரேசியா என்றால் லத்தீனில் சமையலுக்கு உதவும் காய்கீரை என்று பொருள். உலகின் மிகத் தொல்லையான களைகளைப் பட்டியல் போட்டவர்கள் இதை முதல் பத்துக்குள் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களோ இது கீரை என்று பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

போர்ட்டுலாக்கா என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. சின்னக் கதவு என்று பொருள் சொல்கிறார்கள். அது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு நாள் பூ உதிர்ந்த இடத்தில் இருந்த காயை நகத்தால் தொட்டேன். நெல்மணி அளவுகூட இல்லாத கூம்பு. தொட்டதும் மேல்பாதி மட்டும் மூடிபோலக் கழன்று வந்துவிட்டது. வெடிக்கவில்லை, கிழியவில்லை. டப்பாவைத் திறந்த மாதிரி, சுற்றிவர ஒரே கோட்டில் பிரிந்தது. உள்ளே கருகருவென்று மின்னும் விதைகள், கடுகைவிடப் பல மடங்கு சிறியவை. உள்ளங்கையில் கொட்டினால் கைரேகைக்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. ஒரு செடி பல்லாயிரம் விதை தரும். வெந்தயத் தொட்டிக்குள் அது எப்படி வந்தது என்று அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

சீனர்கள் இதைக் குதிரைப்பல் கீரை என்கிறார்கள், இலையின் வடிவத்தை வைத்து. அவர்களிடம் இன்னொரு பெயரும் உண்டு: ஐம்பூதப் புல். பச்சை இலை, சிவப்புத் தண்டு, மஞ்சள் பூ, வெள்ளை வேர், கறுப்பு விதை. அவர்கள் மருத்துவத்தில் ஐந்து பூதங்களுக்கும் ஐந்து நிறம். ஐந்தும் ஒரே செடியில் இருக்கிறது. நான் ஒரு செடியை வேரோடு எடுத்து, மண்ணைக் கழுவி, வெள்ளைத் துணியில் பரப்பி ஐந்து நிறத்தையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. இந்தப் பெயரை வைத்தவர் யாராயிருந்தாலும், செடியை வேர் முதல் விதை வரை உட்கார்ந்து பார்த்தவர்.

அப்படி உட்கார்ந்து பார்க்காமல் பறித்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். கோழிக்கீரை என்று தெரிந்துகொண்ட உற்சாகத்தில், நடைப்பயிற்சி போகிற வழியில் காலி மனையில் படர்ந்திருந்ததை ஒரு கை அள்ளிவந்தேன். சிவந்த தண்டு, சின்ன இலை, தரையோடு படர்வு, எல்லாம் சரியாக இருந்தது. ஆய உட்கார்ந்தபோது விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. பார்த்தால் ஒடித்த இடத்தில் பால். அம்மான் பச்சரிசி இனத்துச் செடி ஒன்று அது. அந்தக் குடும்பத்தில் சிலவற்றை மருத்துவர்கள் அளந்து கொடுப்பார்கள், ஆனால் பொரியல் செய்து சாப்பிடுகிற சங்கதி அல்ல. அதன் பால் பட்டால் கண் எரியும், வயிற்றையும் கெடுக்கும். கோழிக்கீரையை ஒடித்தால் தெளிந்த நீர்தான் வரும், பால் வரவே வராது. இலையும் தண்டும் சதைப்பற்றாக, வழவழப்பாக, ரோமமே இல்லாமல் இருக்கும். இலை தட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால், தண்டு நூல்போல இருந்தால், சந்தேகமே வேண்டாம், அது வேறு. சாரணை என்று இன்னொரு செடியும் ஏமாற்றும். அதன் இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். பூ மஞ்சள் அல்ல, வெளிர் ரோஜா அல்லது வெள்ளை.

சாலையோரத்தில் பறிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். பால் வந்தது மட்டும் காரணமில்லை. மண்ணில் இருக்கும் உப்பையும் கன உலோகங்களையும் இந்தச் செடி நன்றாகவே உறிஞ்சும். களைக்கொல்லி தெளித்த நிலத்திலும் இது நின்றிருக்கலாம். காட்டுக்கீரை என்பதாலேயே சுத்தமானது என்று நினைப்பது தவறு. அது நின்ற மண் எதுவோ, அதுதான் கீரை.

கோழிக்கீரையைக் கடித்தால் முதலில் வருவது புளிப்பு, பிறகு லேசான உப்பு, கடைசியில் வெண்டைக்காய்போல ஒரு வழவழப்பு. இந்தப் புளிப்பு நேரத்துக்கு நேரம் மாறும் என்று படித்தபோது நான் நம்பவில்லை. சோதித்துப் பார்க்க இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றுக்குத் தினம் தண்ணீர் ஊற்றினேன். இன்னொன்றை ஒரு வாரத்துக்கும் மேல் காயப்போட்டேன். காயப்போட்ட தொட்டியிலிருந்து விடியற்காலை ஒரு இலை. பல் கூசுகிற புளிப்பு. அதே கிளையில் சாயங்காலம் இன்னொரு இலை. புளிப்பு எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றிய தொட்டியில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

காரணம் அழகானது. சாதாரணமாகச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். திறந்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். வறட்சியில் அது கட்டுப்படியாகாது. அதனால் கோழிக்கீரை, தண்ணீர் இல்லாத காலத்தில், கள்ளிச்செடியைப்போல இரவில் துளைகளைத் திறக்கிறது. இழுத்த வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைத்துக்கொள்கிறது. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு, சேமித்த அமிலத்தை உடைத்து உணவு தயாரிக்கிறது. நாம் காலையில் உணர்கிற புளிப்பு அந்த இரவுச் சேமிப்பு. தண்ணீர் இருக்கும்போது இதே செடி கரும்பும் சோளமும் செய்கிற வேறொரு முறையில் வேகமாக வளர்கிறது. இரண்டு முறையும் ஒரே செடியில் இருப்பது அபூர்வம். இரண்டும் ஒரே இலைச் செல்லுக்குள்ளேயே கைகோத்து நடக்கின்றன என்று 2022-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டறிந்தார்கள். சுவர்மேல் வீசியெறிந்த செடி நாலு நாள் வெயிலில் பூத்ததற்கு விடை அதில் இருக்கிறது.

சத்து விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் இந்தக் கீரையைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன்.

100 கிராம் பச்சைக் கோழிக்கீரையில் 93 கிராம் போலத் தண்ணீர். 20 கலோரிதான். பொட்டாசியம் 500 மி.கி.க்குச் சற்றுக் குறைவு, மெக்னீசியம் 70 மி.கி. அளவு, சுண்ணாம்புச்சத்து 65, இரும்பு 2, வைட்டமின் சி 20 மி.கி.க்குச் சற்று மேல். நல்ல கீரைதான், ஆனால் இந்தக் கணக்கில் முருங்கைக்கீரை பல இடங்களில் இதைத் தாண்டிப் போய்விடும். இதைத் தனியாக எடுத்துப் பேசவைத்தது கொழுப்பு. ஆமாம், கீரையில் கொழுப்பு. 1986-இல் ஆர்ட்டெமிஸ் சிமோபௌலோஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், தரையில் வளரும் செடியான இதில், மீனில் இருப்பதாக நாம் கேள்விப்படும் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கணிசமாக இருப்பதை எழுதினார். 100 கிராம் பச்சை இலையில் 300 முதல் 400 மி.கி. வரை ஆல்பா லினோலெனிக் அமிலம், அதாவது செடிகளில் இருக்கும் ஒமேகா-3. பச்சிலைகளில் இது அதிகம்.

அவர் அடுத்துச் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிரேக்கப் பண்ணை ஒன்றில் தன்னிச்சையாக மேய்கிற கோழிகளின் முட்டையைச் சோதித்தார். சந்தைக்கு வரும் தீவனக்கோழி முட்டையில் ஒமேகா-6 என்ற இன்னொரு வகைக் கொழுப்பு, ஒமேகா-3-ஐப்போலப் பத்தொன்பது மடங்கு இருந்தது. மேய்ந்த கோழியின் முட்டையில் இரண்டும் ஏறக்குறைய சமம். அந்தக் கோழிகள் கொத்திய பச்சிலைகளில் முக்கியமானது இந்தக் கீரை. இதற்குக் கோழிக்கீரை என்று பெயர் வைத்தவர்கள் முட்டையைச் சோதிக்கவில்லை. கோழி எதைத் தேடிப் போகிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். இதைப் படித்த அன்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "கோழிக்குத் தெரியாதா என்ன" என்றார்.

ஆனால் இதை வைத்து "மீனுக்கு மாற்று" என்று எழுதுவது சரியில்லை. மீனில் இருக்கும் ஒமேகா-3 நேராக உடலுக்குப் பயன்படும் வடிவம். செடியில் இருப்பதை நம் உடல் மாற்றிக்கொள்ள வேண்டும், அதில் மிகச் சிறு பங்குதான் மாறும். ஆளிவிதையில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. கோழிக்கீரையில் இருப்பது அரை கிராம்கூட இல்லை. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1.1 கிராம் தேவை என்கிறார்கள். ஒரு பெரிய கைப்பிடிக் கீரை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தரலாம். தொட்டியில் சும்மா முளைத்த களை அவ்வளவு தருவதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதற்குமேல் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மருத்துவங்கள் இதைப் பற்றிச் சொல்வதைத் தேடியபோது ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: குளிர்ச்சி. பண்டைய மருத்துவர் கேலன் வழிவந்த கிரேக்க மருத்துவம் இதைக் கடும் குளிர்ச்சி என்று வகைப்படுத்தியது. யுனானி இதைக் குர்ஃபா என்று அழைத்து, தாகத்துக்கும் காய்ச்சல் சூட்டுக்கும் விதையைக் கொடுத்தது. சீன மருத்துவம் குளிர்ந்தது, புளிப்பானது என்றது. நம் சித்த மருத்துவமும் உடல் சூட்டைத் தணிக்கும் கீரைகளில்தான் சேர்த்தது. எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்களே என்று முதலில் மலைத்தேன். பிறகு, யுனானி கிரேக்கத்திலிருந்து வந்ததுதானே, அது தனிச் சாட்சி ஆகாது என்று தோன்றியது. ஆனாலும் சீனமும் தமிழும் கிரேக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது சும்மா இல்லை. வாயில் போட்டால் யாருக்கும் தெரிகிற விஷயம் அது. நீர், புளிப்பு, வழவழப்பு. வேர்க்குருவில், பூச்சி கடித்த இடத்தில், லேசாகச் சுட்டுக்கொண்ட தோலில் இலையை நசுக்கி வைத்தால் எரிச்சல் தணிகிறது என்பதை நானே கண்டிருக்கிறேன். கற்றாழைச் சோறு செய்கிற வேலைதான்.

சீனர்களிடம் இது வெறும் குளிர்ச்சிக் கீரை அல்ல. ரத்தம் கலந்த வயிற்றுக்கடுப்புக்கான மருந்து அது, இன்றும் அவர்கள் நாட்டு அரசு மருந்துநூலில் இருக்கிறது. காய்ந்த மூலிகையாக நாளுக்கு 9 முதல் 15 கிராம் வரை அளவு சொல்லியிருக்கிறார்கள். அதைக் காயவைக்கும் முறைதான் என்னை நிறுத்தியது. பறித்து, கழுவி, ஆவியில் லேசாக வேகவைத்து அல்லது கொதிநீரில் முக்கியெடுத்து, பிறகுதான் வெயிலில் போட வேண்டும். அப்படியே போட்டால் காயாது. என் வீட்டுச் சுவரில் நடந்ததுதான் நடக்கும்; செடி செத்துப்போக மறுக்கும், காய் முற்றி விதை உதிர்க்கும்.

அந்தப் பிடிவாதத்தையே ஆஸ்திரேலியப் பழங்குடிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். செடிகளைப் பிடுங்கிக் குவித்து வைப்பார்களாம். பிடுங்கிய பிறகும் செடி தன் ஈரத்தை வைத்தே காயை முற்றவைத்து மூடியைத் திறக்கும். விதைகள் தாமாக அடியில் கொட்டிக் கிடக்கும். அதை அள்ளி அரைத்து அடை செய்வார்கள். அந்தக் கறுப்புத் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒருவேளைச் சாப்பாடு செய்ய முடியாது. செடியே சேர்த்துக் கொடுக்கிற வரை காத்திருக்கலாம் என்று கண்டுபிடித்தவருடைய பொறுமையை நினைத்துப் பார்க்கிறேன். கனடாவில் கிராஃபோர்ட் ஏரியின் அடிமண்ணில் கொலம்பஸ் காலத்துக்கு முந்தைய இதன் விதைகள் கிடைத்திருக்கின்றன. மனிதர் உழுத, மிதித்த, குடியிருந்த இடமெல்லாம் இது கூடவே போயிருக்கிறது.

இனி அண்ணன் விஷயம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கீரை மேல் எனக்குப் பைத்தியம் பிடித்திருந்த அந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கோழிக்கீரைச் சாறு, வெறும் வயிற்றில், ஒரு குவளை, 48 நாள். சிறுநீரகம் சுத்தமாகும், கல் கரையும். படத்தோடு இருந்தது. படத்தில் இருந்தது சரியான செடி. அதைப் பார்த்து, மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அண்ணனுக்கு ஆறு வருஷத்துக்கு முன் சிறுநீரகக் கல் வந்து போயிருந்தது. அவருக்கு உதவுமே என்று அனுப்பினேன். அனுப்பியதோடு நில்லாமல், என் தொட்டியிலிருந்து இரண்டு கிளை ஒடித்துக் கொடுத்தேன். அது அவர் வீட்டிலும் செழித்தது.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். தினம் காலை இரண்டு பெரிய கைப்பிடிக் கீரையைப் பச்சையாக அரைத்து, வடிகட்டிக் குடித்தார். அதோடு, கல் என்பது சுண்ணாம்புதானே என்று பாலையும் தயிரையும் நிறுத்திவிட்டார். ஐந்தாவது வாரம் ஒரு ராத்திரி விலாவில் வலி எடுத்து அடிவயிற்றுக்கு இறங்கியது. அண்ணி போன் செய்தபோது பின்னால் அவர் முனகுவது கேட்டது.

ஸ்கேனில் ஒரு கல் சிறுநீர்க்குழாயில் இறங்கி நின்றது, இன்னொன்று மேலே இருந்தது. டாக்டர் பொறுமையாகக் கேட்டார், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று. சாற்றைப் பற்றி அண்ணன் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தச் சாறு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கல் உண்டாகிற உடம்பு, தண்ணியும் குறைவாக் குடிச்சிருக்கீங்க. ஆனா இதை நிறுத்துங்க. தயிரைத் திரும்ப ஆரம்பிங்க."

தயிரை ஆரம்பிக்கச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே புரியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டியது.

கோழிக்கீரையில் ஆக்சலேட் மிக அதிகம். சுண்ணாம்போடு சேர்ந்தால் கல்லாகக்கூடிய பொருள் அது. 100 கிராம் பச்சை இலையில் பல நூறு மில்லிகிராமிலிருந்து ஆயிரத்துக்கும் மேல்வரை அளந்திருக்கிறார்கள். கல் உண்டாகும் இயல்புள்ளவர்களை நாள் முழுவதற்கும் 100 மி.கி.க்குள் வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். அண்ணன் ஒரு குவளையிலேயே அதைப் பல மடங்கு தாண்டியிருப்பார். இந்த ஆக்சலேட்டில் பெரும்பகுதி நீரில் கரையும் வகை. சாறு பிழிந்தால் சக்கையை எறிந்துவிட்டு அதைத்தான் தனியாக எடுத்துக் குடிக்கிறோம். வெறும் வயிற்றில் வேறு. குடலில் அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால் நேராக ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து கூரான படிகமாகிறது. அதே சுண்ணாம்பு சாப்பாட்டோடு குடலிலேயே இருந்திருந்தால் அங்கேயே ஆக்சலேட்டைக் கட்டிப்பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோயிருக்கும். தயிரை நிறுத்தியதால் காவலுக்கு இருந்த ஆளையும் அனுப்பிவிட்டோம். ஆஸ்திரேலியாவில் பசியோடு வந்த ஆடுகள் இந்தச் செடியை ஏராளமாக மேய்ந்து ஆக்சலேட் நஞ்சாகிச் செத்த பதிவுகள் உண்டு. மேய்கிற கோழிக்கு அமுதமாக இருப்பது பட்டினி ஆட்டுக்கு விஷமாகிறது. செடி ஒன்றுதான், எவ்வளவு, எதோடு, எந்த வயிற்றில் என்பதுதான் வேறு.

இதைத் தெரிந்துகொண்டபின் பழைய சமையல்களைத் திரும்பிப் பார்த்தேன். துருக்கியில் இந்தக் கீரையைப் பூண்டு தட்டிப்போட்ட தயிரில் கலந்து சாப்பிடுகிறார்கள். கிரீஸில் சாலட்டில், பாலாடைக்கட்டியோடு. சீனாவில் கொதிநீரில் முக்கி, பிழிந்து, பிறகு தாளிப்பு. நம்மிடம் வேகவைத்துப் பருப்போடு கடைசல், பிறகு மோர்ச்சோறு. யாருமே இதைத் தனியாகப் பிழிந்து, வெறும் வயிற்றில், 48 நாள் குடிக்கவில்லை. 2009-இல் நியூசிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் தயிரோடு சேர்த்தால் இந்தக் கீரையின் கரையும் ஆக்சலேட் குறைகிறதா என்று அளந்து பார்த்தார்கள். குறைகிறது. கொதிநீரில் போட்டு நீரைக் கொட்டினாலும் குறைகிறது. பாட்டிகள் வேதியியல் தெரிந்து செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. புளிப்பைக் குறைக்கவும் ருசிக்காகவும் செய்திருக்கலாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு, ஒத்துக்கொண்ட வழி நின்று, ஒத்துக்கொள்ளாத வழி உதிர்ந்துபோயிருக்கிறது. மரபு மருத்துவம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதில் பாதி மூலிகையில் இருக்கிறது, மறுபாதி பக்குவத்தில் இருக்கிறது. எனக்கு வந்த செய்தி மூலிகையை மட்டும் எடுத்துக்கொண்டு பக்குவத்தைக் கழற்றி எறிந்திருந்தது. அதை மரபு என்று சொல்லி அண்ணனுக்கு அனுப்பியவள் நான். அந்த ராத்திரி போனில் கேட்ட முனகல் இன்னும் காதில் இருக்கிறது.

மருந்தாக இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் இல்லாமல் இல்லை. வாய்க்குள் வெண்கோடும் புண்ணுமாக வரும் லைக்கன் பிளானஸ் என்ற நோய்க்கு ஈரானில் 37 பேரிடம் சோதித்து, 2010-இல் வெளியிட்டார்கள். கோழிக்கீரை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்தது, வெற்று மருந்து பெற்றவர்களில் சிலருக்கே. விதைப்பொடியைச் சர்க்கரை நோயாளிகளிடமும் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் முடிவுகள்தான். ஆனால் எல்லாம் சின்னச் சின்னக் கூட்டங்கள், குறுகிய காலம். இதை நம்பி யாரும் சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள் மருந்து அளவில் தொடவே வேண்டாம். சீன மருத்துவமே அதை எச்சரிக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆக்சலேட்டோடு பொட்டாசியமும் சுமை. அவர்கள் கீரையாகக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மற்றவர்களுக்கு, வாரம் ஒன்றிரண்டு நாள், ஒரு கைப்பிடி. நான் செய்கிற விதம் இதுதான். நுனியில் நாலு விரல் நீளத்துக்குக் கிள்ளுவேன். கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். பூவும் காயும் இருந்தால் பரவாயில்லை, விதை பல்லில் மணல்போல நெறிபடும், அது பிடிக்காதவர்கள் நீக்கிவிடலாம். மூன்று தண்ணீரில் அலச வேண்டும், தரையோடு கிடப்பதால் மண் இலைக்கணுவில் ஒளிந்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பச்சை கொஞ்சம் ஆழ்ந்த நிறத்துக்குத் திரும்பியதும் வடித்துவிடுவேன். அந்த நீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எல்லாக் கீரையிலும் உண்டு. இதில் மட்டும் கொட்டிவிடுகிறேன். வைட்டமின் சி-யில் கொஞ்சம் அதோடு போகும். போகட்டும், அதற்கு நெல்லிக்காய் இருக்கிறது. வெந்த பருப்பில் சேர்த்துக் கடைந்தால் அதன் வழவழப்பு பருப்பைக் குழைவாக்கிவிடும், புளியே வேண்டாம். அன்று சாப்பாட்டில் தயிர் கட்டாயம்.

அண்ணனுக்கு இறங்கி நின்ற கல் தானாகவே வெளியே வந்துவிட்டது. மேலே இருப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவர். தன் வீட்டுத் தொட்டியிலிருந்த செடியை மட்டும் பிடுங்கிவிட்டார். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிடுங்கிச் சுவர்மேல் போடவேண்டாம், முளைத்துவிடும் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். மாடிக்குக் காற்று வாங்க ஏறியவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். காயப்போட்டிருந்த தொட்டி அது. குனிந்து ஒரே ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"புளிக்கும் புளிக்கும்னு எழுதியிருக்கியே, புளிப்பையே காணோமே?"

"இப்ப மணி நாலு அண்ணா. விடியக்காலையில வாங்க."